வலப்பக்கம் பத்து

ஒரே ஒரு மலையாம். அந்த மலைக்கு நடுவில் ஒரே ஒரு ஏரியாம். அந்த ஏரியைச் சுற்றி நடந்து நடந்தே ஒரு குதிரை உலகம் பூராவும் பார்த்துவிட்டதாம். எங்கள் வீட்டில் குதிரைக் கதை என்றால் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள் சார். நானும் இப்படியே ஆரம்பித்துக்கொள்கிறேன். நேராகச் சொல்ல எனக்கு வாய் வராது.

காலைச் சேண வளையத்துக்குள் இன்னும் கொஞ்சம் நுழைத்துக்கொள்ளுங்கள். குதிகால் கீழே. அவ்வளவுதான். கொடைக்கானல் ஏரியை ஒரு சுற்று சுற்ற ஐந்து கிலோமீட்டர். நடையிலேயே போனால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். என் பெயர் பிரிட்டோ. இவன் துரை. அந்தோணி மாமாவின் குதிரை. எட்டு மாதமாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன்.

நீங்கள் கேட்டது சரிதான். எதிரே வருகிற குதிரைக்காரர்களைப் பாருங்கள், எல்லாரும் குதிரைக்கு இடப்பக்கம்தான் நடக்கிறார்கள். சேணம் கட்டுவது, ஆளை ஏற்றுவது, கயிறு பிடிப்பது எல்லாமே இடப்பக்கம். யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை, எங்களுக்கு அது கையிலேயே வந்துவிடும். நான் மட்டும் ஏரிப் பக்கமாக, வலப்பக்கம் நடக்கிறேன். குதிரை ஸ்டாண்டில் இதை வைத்து ஒரே கேலி. “என்ன பிரிட்டோ, குதிரையைக் கண்ணாடியில பாத்தா ஓட்டுறே?” என்பார்கள்.

இவன் கொஞ்சம் ஏரிப் பக்கம் இழுப்பான். பயப்படாதீர்கள். நான் இந்தப் பக்கம் இருக்கிறேன் இல்லையா, என்மேல் பிரியம்.

கேட்டுவிட்டீர்கள், சொல்கிறேன். ஆனால் நீங்கள் முன்னால் பார்த்தபடியே கேளுங்கள். என் முகத்தைப் பார்க்க வேண்டாம்.

போன வருஷம் நான் சம்ஷாத் அக்காவிடம் வேலை பார்த்தேன். அவருடைய வீட்டுக்காரர் காசிம் பாய் இறந்ததும், ரெண்டு குதிரையையும் விற்றுவிடுவார் என்று ஸ்டாண்டில் எல்லாரும் காத்திருந்தார்கள். நாற்பதாம் நாள் முடிந்ததும் அக்காவே கயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். “ஒரு ஓரமா நின்னுக்கறேன், உங்க யாரு வயித்துலயும் அடிக்கல” என்றார். சிரித்தார்கள். அக்கா நின்றுகொண்டே இருந்தார். பிறகு சிரிப்பதை விட்டுவிட்டார்கள்.

ரெண்டு குதிரையில் ஒன்று கிழடு. இன்னொன்று ஜிமிக்கி. செவலைப் பெட்டை. ரெண்டு காதுக்குக் கீழேயும் ஒரு சொட்டு வெள்ளை, தொங்கட்டான் போட்ட மாதிரி. சின்னக் குழந்தைகளை ஏற்ற வேண்டும் என்றால் மற்ற குதிரைக்காரர்களே ஜிமிக்கியைக் காட்டிவிடுவார்கள். அந்த வீடு ஓடியது ஜிமிக்கியால்தான்.

தை மாசம், காலை ஏழு மணி, ரோடெல்லாம் பனி உருகி ஈரம். வாடகை சைக்கிளில் பத்துப் பதினைந்து காலேஜ் பையன்கள் மணியடித்துக்கொண்டே பின்னாலிருந்து வந்தார்கள். ஜிமிக்கி மிரண்டது, கால் வழுக்கியது, இடப்பக்கமாக விழுந்தது. நல்லவேளை, மேலே ஆள் இல்லை. கயிறு என் கையில்தான் இருந்தது. ஆனால் அது என் தப்பு இல்லை சார், எல்லாருமே அப்படித்தான் சொன்னார்கள். அது என் தப்பாக இருந்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு வெட்கம் இருக்காது.

கிளை தாழ்வாக இருக்கிறது, குனிந்துகொள்ளுங்கள்.

எலும்பு முறியவில்லை. இடது தோளிலிருந்து கழுத்து வரைக்கும் சதை கிழிந்திருந்தது. மூன்று வாரம் லாயத்திலேயே கிடந்தது. வீக்கம் வடிந்தது, ஆனால் சதை இறுகிப்போனது. கால் எடுத்து வைத்தால் பாதி அடிதான் வரும். மாட்டாஸ்பத்திரியிலிருந்து பிரமிளா டாக்டர் வந்தார். சின்ன வயசுதான். தடவிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

“தம்பி, உன் கையை இடது கழுத்துல வை. இப்ப வலப்பக்கம் திரும்பு. எங்க இழுக்குது?”

“இடப்பக்கம் டாக்டர்.”

“அவ்வளவுதான் விஷயம். அவளுக்கு இறுக்கம் இடப்பக்கம். ஆனா அவ வலப்பக்கம் திரும்பினாத்தான் அது நீளும். நீ வலப்பக்கம் நின்னாத்தான் அவ திரும்புவா.”

பிறகு செய்து காட்டினார். முதலில் தவிட்டை வறுத்து, துணியில் கட்டி, தோளில் பத்து நிமிஷம் ஒத்தடம். முன்னங்காலை முழங்காலுக்குப் பின்னால் பிடித்துத் தூக்கி, மெதுவாக முன்னால் நீட்டிப் பதினைந்து எண்ணுவது. அடுத்தது கேரட். தோள்கிட்டே கேரட்டைக் காட்டினால் கழுத்தை வளைத்து வரும். அதைக் கொடுத்துவிட்டு வயிற்றுப் பக்கம் காட்ட வேண்டும், பிறகு இடுப்புப் பக்கம். கழுத்து வளைய வேண்டும், பின்கால் நகரக் கூடாது. குதிரை ஏமாற்றும் சார். கழுத்தை வளைக்காமல் உடம்போடு திரும்பி வந்து கேரட்டைப் பிடுங்கிக்கொள்ளும். அதனால் சுவர் ஓரமாக நிறுத்தித்தான் செய்ய வேண்டும். கடைசியில், யூகலிப்டஸ் கம்பு அஞ்சைத் தரையில் போட்டு அதைத் தாண்டித் தாண்டி நடத்த வேண்டும்.

“கேரட் ரெண்டு பக்கமும் பத்துப் பத்து. வலப்பக்கம் கோவப்படுவா. கோவப்பட்டா கொஞ்சமாக் கேளு. ஆனா கேக்காம மட்டும் விட்டுடாதே. ஆறு வாரம் ஒழுங்காப் பண்ணு, சித்திரை சீசனுக்கு ஏரியைச் சுத்துவா.”

அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். “டேய், அவ எழுந்துக்கலைன்னா குடுத்துடணும்டா. வேலை செய்யாத ரெண்டு வாயை வச்சு என்னால தீனி போட முடியாது. பழனி பக்கத்துல ஒருத்தர் கல்யாண ஊர்வலத்துக்குக் கேட்டுக்கிட்டே இருக்காரு.”

ஜிமிக்கிக்கு மேளச் சத்தமே ஆகாது. எங்கேயாவது சாமி ஊர்வலம் போனால், அரை மைல் தள்ளி நிற்கிறபோதே தொடை நடுங்கும். பேண்டு, வெடி, தார் ரோட்டில் மணிக்கணக்காக நிற்பது... நான், “பாத்துக்கறேன்கா” என்றேன்.

முதல் நாள் ரெண்டு பக்கமும் செய்தேன். அது சத்தியம். ரெண்டாம் நாள் வலப்பக்கம் ஆறாவது கேரட். வயிற்றுப் பக்கமாகக் கையைக் கொண்டுபோனேன். சட்டென்று உடம்போடு திரும்பி, என்னைச் சுவரோடு வைத்து நசுக்கி, இதோ, இந்தக் காறை எலும்புக்குப் பக்கத்தில் கவ்விவிட்டது. ஸ்வெட்டர் கிழிந்து, சதையில் பல் பதிந்தது. லாயத்தில் யாரும் இல்லை. வைக்கோல் மேல் உட்கார்ந்து அழுதேன் சார். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகக் குதிரைதான். எனக்குச் சொன்ன கதையில் எல்லாம் ஆள் குதிரையை அடக்குவான், குதிரை அவன் சொன்னபடி கேட்கும். குதிரைக்குப் பயந்த ஆள் எந்தக் கதையிலும் கிடையாது.

மறுநாள் வலப்பக்கம் போய் நின்றேன். கையை முழுசாக நீட்டித் தள்ளி நின்றே கேரட்டைக் காட்டினேன். கை நடுங்கியது. ஜிமிக்கி காதைப் பின்னால் மடக்கியது. கேரட்டை இழுத்துக்கொண்டேன்.

இடப்பக்கம் போனேன். பத்து செய்தேன். இன்னும் ஒரு பத்து செய்தேன். மொத்தம் இருபது. டாக்டர் சொன்னதும் இருபதுதானே? வலப்பக்கத்துக் கேரட்டையும் இடப்பக்கமே கொடுத்துவிட்டேன். கேரட் விஷயத்தில் நான் ஒன்றைக்கூட எடுத்துத் தின்றது கிடையாது.

இடப்பக்கம் அதற்குச் சுகம். ஒரு வாரத்தில் கழுத்தை ஜிலேபி மாதிரி வளைத்து இடுப்பைத் தொட்டது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வேடிக்கை பார்க்க வரும். நானும், “இங்க பாருங்க, இங்க பாருங்க” என்று காட்டுவேன். எனக்கே பெருமையாகக்கூட இருந்தது.

அக்கா தினமும் தண்ணீர் வாளியோடு லாயத்து வாசலில் நின்று கேட்பார். “ரெண்டு பக்கமும் ஆச்சாடா?”

“ஆச்சுக்கா.”

பனியில் நிற்கிறேன் என்று ஒருநாள் ஒரு மப்ளரைக் கொண்டுவந்து கொடுத்தார். காசிம் பாயுடையது. “அவருக்கும் இவள்னா உயிர்தான்டா” என்று ஜிமிக்கியைக் காட்டிச் சொன்னார். அந்த மப்ளரைக் கழுத்தில் சுற்றினால் பல் பட்ட இடம் சரியாக மறைந்தது. ஆறு வாரமும் அதைக் கழற்றவில்லை.

ஏய் துரை, இந்தப் பக்கம் வராதே, நேராப் போடா. ஒன்றும் இல்லை சார்.

ஆறு வாரம் முடிந்ததும் டாக்டர் வந்தார். வலப்பக்கம் நின்று கேரட்டைக் காட்டினார். ஜிமிக்கி கதவு மாதிரி மொத்தமாகத் திரும்பியது. கழுத்து வளையவே இல்லை. தோளை அமுக்கிப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

“பிரிட்டோ, உண்மையைச் சொல்லு. வலப்பக்கம் தினமும் பண்ணியா?”

“பண்ணேன் டாக்டர்.”

“பத்து?”

“பத்து. சில நாள் பன்னெண்டு.”

அந்த ரெண்டை எதற்காகச் சேர்த்தேன் என்று எனக்கு இன்றைக்கு வரைக்கும் தெரியவில்லை சார்.

டாக்டர் அக்காவிடம் திரும்பினார். “ஆறு வாரம் இப்படிப் பண்ணியும் விடலைன்னா, உள்ள தழும்பு கெட்டியாயிடுச்சுன்னு அர்த்தம்மா. இனிமே ஆள் ஏத்தி ஏரியைச் சுத்த முடியாது. சும்மா நிக்கிற வேலைன்னா நிப்பா.”

பாருங்கள், அவர் பார்த்தது தப்பில்லை. நான் சொன்னதை நம்பினார், நம்பியதை வைத்து முடிவு சொன்னார். அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருந்தால் எல்லாம் மாறியிருக்கும். நான் வறுத்த தவிட்டு மூட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அது ஆறிப்போகிற வரைக்கும் நின்றேன்.

அக்கா ஜிமிக்கியைப் பார்க்கவில்லை. என் தலையில் கை வைத்து, “நீ என்னடா பண்ணுவே, உன்னால ஆனதைப் பண்ணிட்டே” என்றார்.

நாலு நாள் கழித்துப் பழனிக்காரர் மினி லாரியோடு வந்தார். பெருமாள்சாமி என்று பெயர். கழுத்தில் துண்டு, வாயில் வெற்றிலை. முன்பணம் கொடுத்தாகிவிட்டது. அக்கா உள்ளே போய், கடைசியாக ஜிமிக்கிக்குக் கம்புத் தானியம் ஊறவைத்துக்கொண்டிருந்தார். நான் பெருமாள்சாமி காதோரமாகப் போய்ச் சொன்னேன். அவராவது அக்காவிடம் சொல்லிவிடுவார் என்று நினைத்தேன்.

“அண்ணே, இதுக்குத் தழும்பெல்லாம் இல்லண்ணே. வலப்பக்கம் யாரும் பண்ணவே இல்ல. ஆறு வாரம் வலப்பக்கம் பண்ணா சரியாயிடும்.”

அவர் வெற்றிலையைத் துப்பினார்.

“நெசமாவா?”

“நெசமாண்ணே.”

“நொண்டின்னு சொன்ன விலைக்கு நல்ல குதிரை. எனக்கு எதுக்குடா தம்பி வருத்தம்? வாயை மூடிக்கிட்டு ஏத்தி விடு.” முதுகில் ரெண்டு தட்டு தட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

அவர் திரும்பி வந்ததும் ஏற்றினோம். லாயத்து வாசலிலிருந்து லாரிப் பலகைக்கு வலப்பக்கமாகத் திரும்ப வேண்டும், இடம் குறுகல். அந்தப் பக்கம்தான் ஜிமிக்கி திரும்பாதே. அக்கா இழுத்துப் பார்த்தார், டிரைவர் பின்னாலிருந்து தள்ளிப் பார்த்தார். நடக்கவில்லை. “எவனாவது அந்தப் பக்கம் நின்னு தலையைத் திருப்புங்கப்பா” என்று டிரைவர் கத்தினார்.

நான் போனேன். கேரட்டை எடுத்துக்கொண்டு வலப்பக்கம் போய் நின்றேன். ஜிமிக்கி என்னைப் பார்த்ததும் திடுக்கிட்டுத் தலையைத் தூக்கி, கண் வெள்ளை தெரிய ஒரு எட்டு பின்னால் வைத்தது. யாரோ அந்நிய ஆள் வந்துவிட்ட மாதிரி. நானும் ஒரு எட்டு பின்னால் வைத்தேன். கேரட் கீழே விழுந்தது. குனிந்து எடுக்கும்போது மப்ளர் நழுவியது.

அக்கா கயிற்றைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டே இருந்தார். முதலில் குதிரையை. பிறகு என்னை. பிறகு என் கழுத்தை.

“ஆறு வாரமா இந்தப் பக்கம் நின்னவனைப் பாத்தா இவ மிரளுறா?” என்றார். என்னைக் கேட்கவில்லை, தனக்குத்தானே சொன்னது மாதிரி இருந்தது.

பிறகு பெருமாள்சாமியின் சட்டைப் பையில் முன்பணத்தைத் திணித்தார். அவர் குதித்தார், திட்டினார், வாக்குச் சுத்தம் இல்லை என்று ஊரைக் கூட்டினார். அக்கா ஜிமிக்கிக்கு வலப்பக்கமாகச் சுற்றி வந்து, கயிற்றை மாற்றிப் பிடித்து, லாயத்துக்குள் நடத்திக்கொண்டு போனார். என்னைத் தாண்டும்போது கீழே கிடந்த மப்ளரை எடுத்துக்கொண்டார். லாயத்துக் கதவைச் சாத்திவிட்டார்.

அவ்வளவுதான். போ என்றும் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் போனேன். கதவு சாத்தியிருந்தது. உள்ளே அக்கா எண்ணுகிற சத்தம் கேட்டது. “ஏழு... எட்டு... கோவப்படாதடி என் கண்ணு... ஒம்பது...” வெளியே நின்று பத்து வரைக்கும் கேட்டேன். திரும்பி வந்துவிட்டேன். ஆறு வாரம் அக்காவே செய்தார். சித்திரை போய்விட்டது, சீசனில் முக்கால்வாசி போய்விட்டது. கடைசிப் பத்து நாள் ஜிமிக்கி ஏரியைச் சுற்றியது.

நடுவில் எத்தனையோ தடவை ஸ்டாண்டில் எதிரெதிரே நின்றிருக்கிறோம். அக்கா என்னை எதுவும் கேட்டதில்லை. ஒரே ஒரு தடவை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் சார். யாராவது நேராகக் கேட்டால் நான் மறைக்கிற ஆள் இல்லை.

அதிலிருந்து எந்தக் குதிரை என் கையில் வந்தாலும் நான் வலப்பக்கம்தான். நடப்பது, தேய்ப்பது, கேரட் காட்டுவது எல்லாம் வலப்பக்கம். துரைக்கு அடி ஒன்றும் படவில்லை. இருந்தாலும் தினமும் காலையில் செய்கிறேன். ஒரு நாள் விட்டதில்லை. வலப்பக்கம் பத்து. சில நாள்... இல்லை, பத்துதான்.

ஸ்டாண்டு வந்துவிட்டது. அதோ பாருங்கள், பச்சை ஸ்வெட்டர், முக்காடு. அவர்தான். கூட நிற்பது ஜிமிக்கி. குழந்தையை இறக்கிவிட்டுத் திருப்புகிறார். எப்படித் திரும்புகிறது பாருங்கள் சார். வலப்பக்கம். அவர் தோளில் மூக்கை வைத்துக்கொண்டு எவ்வளவு சின்ன வட்டம்.

இங்கேதான் வருகிறார். கொஞ்சம் அப்படியே இருங்கள்.

“பிரிட்டோ.”

“அக்கா.”

“இவன் ஏண்டா ஏரிக்குள்ள விழுறவன் மாதிரி வர்றான்? காலைல கேரட் யாரு காட்டுறா?”

“நான்தான்கா. தினமும்.”

“எந்தப் பக்கம்?”

“...வலப்பக்கம்கா.”

“இடப்பக்கம்?”

...

“பண்ணலக்கா.”

“எத்தனை நாளா?”

“அன்னிலேர்ந்துக்கா. அக்கா, அன்னிக்கு ஜிமிக்கிக்கு நான் வலப்பக்கம்...”

“இந்தா.”

போய்விட்டார். பார்த்தீர்களா, கையில் என்ன வைத்துவிட்டுப் போனார் என்று. அரைக் கேரட். ஜிமிக்கி கடித்த மீதி. நான் சொல்லி முடிக்கவில்லை சார். அவர் அதற்குள் ரோட்டைத் தாண்டிவிட்டார். காது கேட்டிருக்குமா, தெரியவில்லை.

இறங்குங்கள் சார். ஏறி இறங்குகிற படிக்கல்லில் வேறு ஆள் ஏறுகிறார், இங்கேயே இறக்கிவிடுகிறேன். இடப்பக்கமாகத்தான் இறங்க வேண்டும். நான் அந்தப் பக்கம் வருகிறேன், தோளைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

“ஏய் துரை. ஏய். நான்தான்டா.”

காதை மடக்குகிறான் சார். எட்டு மாதம் ஆச்சு. இந்தப் பக்கம் நின்றால் என்னை இவனுக்கு யார் என்று தெரியவில்லை.

பயப்படாமல் காலைத் தூக்கிப் போடுங்கள், நான் பிடித்திருக்கிறேன். அவ்வளவுதான்.

கதை முடிந்தது. போய்வாருங்கள். ரோட்டைத் தாண்டும்போது சைக்கிள் வரும், பார்த்துப் போங்கள். அங்கே போய் நின்று திரும்பிப் பார்க்காதீர்கள் சார். நேராகப் போய்விடுங்கள். நீங்கள் போனதும் இவனுக்கு இந்தப் பக்கம் கேரட்டைக் காட்ட வேண்டும். என் கை நடுங்கும்.